கொழும்புக் குப்பையும் எங்கள் ஸ்டோர் அடுப்பும்

மே 12, 2025, திங்கள். ஹட்டனிலிருந்து கொழும்புக் கோட்டை வரை

முந்தின நாள்தான் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் பாய்ந்து 20 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். அந்தச் செய்தியோடு விடிந்த வீட்டில், பஸ்ஸில் போய்வருகிறேன் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. ரயிலுக்கு நடந்தேன். பௌத்தர்களின் வெசாக் பண்டிகை விடுமுறை என்பதால் நாடே ரயிலில்தான் இருந்தது. ஹட்டனில் ஏறியபோது ஒரு காலுக்கு மட்டும் இடம் கிடைத்தது. மற்றக் காலை நாவலப்பிட்டியில் ஊன்றினேன். பொல்காவலைக்குப் பிறகுதான் முதுகைச் சாய்க்க ஒரு கதவு கிடைத்தது.

எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த சிங்கள அம்மா ஒருவர், மடியில் வைத்திருந்த வாழையிலைப் பொதியைப் பிரித்துப் பாற்சோற்றில் ஒரு துண்டை வெட்டி என் கையில் வைத்தார். நான் கேட்கவில்லை, அவரும் எதுவும் கேட்கவில்லை. கூடவே லுணுமிரிஸ் என்ற மிளகாய்ச் சம்பல். காரம் கண்ணில் ஏறியதும் தண்ணீர்ப் போத்தலையும் நீட்டினார். சாப்பிட்டு முடிந்ததும் இலையைச் சுருட்டி ஜன்னல் வழியே வீசினார். அது எருமை தின்றாலும் சரி, மண் தின்றாலும் சரி. குப்பையைப் பார்க்கக் கொழும்புக்குப் போகிறவனின் கண் இப்படியான இடங்களில்தான் நிற்கும்.

ஆம், குப்பையைப் பார்க்கத்தான் போனேன். ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. நாங்கள் அதை ஸ்டோர் என்போம். கொழுந்து உலர்த்தும் டிரையருக்குச் சூடு கொடுக்கும் அடுப்பு என் பொறுப்பு. வெள்ளவத்தையில் சைவச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மாமா சில வாரங்களுக்கு முன் தொலைபேசியில் பேசினார். "மிச்சச் சோறு, மரக்கறித் தோல் எல்லாவற்றையும் காயவைத்து அரைத்துக் குச்சி குச்சியாக எரிபொருள் செய்கிறார்களாம். பியகம பக்கம் ஒரு பட்டறை இருக்கிறது. நீ நெருப்போடு வாழ்கிறவன், வந்து பார்த்துச் சொல்" என்றார். விறகு விலை ஏறிக்கொண்டே போவதால், ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கரும் மறுக்காமல் லீவு தந்தார். மாதிரிக்கு ஒரு பை கொண்டுவரச் சொன்னார்.

மாலை கொழும்பின் பெருவீதியான காலி வீதி முழுக்கத் தன்சல், அதாவது வெசாக்குக்கு இலவசமாகச் சாப்பாடு போடும் பந்தல்கள். பௌத்தக் கொடியை ஆட்டிக்கொண்டு இளைஞர்கள் பஸ்களை மறிக்கிறார்கள். சாப்பிடாமல் போக விடமாட்டார்கள். "மல்லி, என்ட, என்ட!" (தம்பி, வா, வா!) என்று ஒருவன் என் கையைப் பிடித்து வரிசையில் நிறுத்திவிட்டான். அவித்த மரவள்ளிக் கிழங்கு, தேங்காய்ச் சம்பல், பிறகு இன்னொரு பந்தலில் பெலிமல் (வில்வப்பூ) தேநீர். ஐஸ்கிரீம் வரிசை அரை மைல் இருக்கும், அதை விட்டுவிட்டேன். ஒரு ரூபாய் செலவில்லாமல் இரவுச் சாப்பாடு முடிந்தது. பந்தலுக்குப் பின்னால் தகர பீப்பாய்கள்: கிழங்குத் தோல், கடதாசித் தட்டு, பிளாஸ்டிக் கோப்பை, பாதி தின்ற சோறு, அதன்மேல் மழை. அந்த மழையைத்தான் நான் கவனித்தேன். காரணம் பின்னால் வரும்.

மே 13, செவ்வாய். வெள்ளவத்தை

மாமாவின் கடையில் தோசை 120 ரூபாய், உளுந்து வடை 90, பிளேன்டீ 60. எனக்கு எல்லாம் இலவசம், ஆனால் இலவசத்துக்கு ஒரு விலை உண்டு: காலை நான்கரைக்கே எழுப்பிவிட்டார்.

சமையலறையில் வேலை செய்யும் பையன்கள் எல்லோரும் நம் பக்கத்துப் பிள்ளைகள். பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை. நான் ஹட்டன் என்றதும் ஒருவன், "அண்ணே, அங்கே இப்போது குளிரா?" என்று கேட்டுவிட்டு, அடுப்புச் சூட்டில் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே பாவமாக இருந்தது.

கடையின் பின்பக்கச் சந்தில் வாளிகள். ஒன்றில் மரக்கறித் தோல், ஒன்றில் தேங்காய்ப்பூச் சக்கை, ஒன்றில் மேசையிலிருந்து வந்த மிச்சம். மாநகர சபைக்கு உக்கும் கழிவு, உக்காத கழிவு என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு வாளியும் சுத்தம். மூன்றாவதில்தான் வில்லங்கம். தட்டின் மேல் மெல்லிய பொலித்தீன் விரித்துச் சாப்பாடு போடும் வழக்கம் இங்கே ஊறிப்போனது. 2017 செப்டெம்பரிலேயே இந்த லஞ்ச் ஷீட்டைத் தடை செய்தார்கள். கொழும்பில் தட்டு கழுவத் தண்ணீரும் ஆளும் நேரமும் வேண்டுமே, யார் கேட்கிறார்கள்! சாப்பிட்டவர் ஷீட்டைச் சோற்றோடு சேர்த்துச் சுருட்டி வாளியில் போட்டுவிட்டுக் கை கழுவப் போகிறார். மாமா தன் கடையில் வாழையிலைக்கு மாறிவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். பார்சல் கட்டும் இடத்தில் எட்டிப் பார்த்தேன். அங்கே ஷீட் ராஜ்ஜியம்தான்.

"இந்த மூன்றாவது வாளியை முன்பெல்லாம் பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர் வந்து எடுத்துப் போவார். பொங்கலுக்கு ஒரு பெட்டி பழம்கூடக் கொடுப்பார்" என்றார் மாமா. 2024 ஒக்டோபரில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டுக்குள் வந்தது. மனிதர்களுக்கு அது தொற்றாது. பன்றிகளுக்கோ மருந்தே கிடையாது. வேகவைக்காத எச்சில் சோற்றில் நோய்ப்பட்ட இறைச்சித் துண்டு ஒன்று கலந்துவிட்டால் போதும், பண்ணையே போய்விடும். அந்த மனிதருக்கும் அதுதான் நடந்தது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. மாமா அவரைப் பற்றிப் பேசியபோது வியாபாரக் கணக்கைத் தாண்டிய வருத்தம் குரலில் இருந்தது.

2022 பொருளாதார நெருக்கடியையும் மாமா மறக்கவில்லை. எரிவாயு சிலிண்டருக்காக இரவு முழுக்க வரிசையில் நின்றதும், பக்கத்து மாடிக் குடியிருப்புகளில் இருந்தவர்கள் பல்கனியில் விறகு மூட்டியதும், கடையைப் பாதி நாள் பூட்டியதும். "வாளியும் காலியாக வேண்டும், அடுப்பும் எரிய வேண்டும். இரண்டையும் ஒரே மெஷின் செய்தால் நான் கடன் வாங்கியாவது போடுவேன்" என்றார். இரவு முழுக்க இந்த வாக்கியம் எனக்குத் தூக்கம் தரவில்லை. கடன் என்றால் என் வாய்ச் சொல்லில் வாங்கப்போகிற கடன்.

மே 14, புதன். பேலியகொடை, மீதொட்டமுல்ல

விடியற்காலையில் மாமாவோடு மரக்கறி வாங்கப் பேலியகொடைக்கு. மெனிங் மொத்த மரக்கறிச் சந்தை 2020 நவம்பரில் புறக்கோட்டையிலிருந்து இங்கே இடம் மாறியது. பழைய இடத்தில் சேற்றில் வழுக்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது அரண்மனை. ஆனால் மூட்டை சுமக்கும் நாட்டாமைகளின் குரல் மட்டும் மாறவில்லை. "பாதை! பாதை!" என்று தலையில் மூட்டையோடு வருகிறவருக்கு வழிவிடாவிட்டால் நாம்தான் கீழே கிடப்போம்.

நுவரெலியாவிலிருந்து இறங்கிய கோவா (முட்டைக்கோஸ்) மூட்டைகள். என் ஊர்க் காற்றில் வளர்ந்த கோவா, இங்கே வெளியிலைகளை உரித்து உரித்துக் குன்றாகக் குவித்திருந்தார்கள். லீக்ஸ் தழை, நசுங்கிய தக்காளி, கரட் இலை. மாமாவின் கண் மின்னியது. "பார்த்தாயா, எவ்வளவு எரிபொருள்!"

இங்கே கொஞ்சம் கணக்கு. பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்தில் நான் உருப்படியாகச் செய்த வேலை இது ஒன்றுதான்.

கோவா இலையில் நூற்றுக்கு 92 பங்கு தண்ணீர். 100 கிலோ இலையை முழுதும் காயவைத்தால் கையில் நிற்பது 8 கிலோ. காய்ந்த தழைக்குக் கிலோவுக்கு 17 மெகாஜூல் வெப்பம் என்று தாராளமாக வைத்தால், அந்த 8 கிலோவும் தருவது 136 மெகாஜூல். ஆனால் ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்கவே ஏறத்தாழ 2.6 மெகாஜூல் வேண்டும். 92 கிலோவுக்கு 239. அதாவது ஒரு துளி வெப்பமும் வீணாகாத டிரையர் இருந்தாலும், கோவா தன் தண்ணீரை ஆற்றத் தன் உடம்பையே எரித்தும் போதாமல் இன்னொரு பங்கு கடன் வாங்க வேண்டும். வெயில் சும்மா உலர்த்தித் தந்தால்தான் உண்டு. மே மாதக் கொழும்பில் வெயிலா?

"அப்படியானால் உங்கள் ஸ்டோரில் மட்டும் எப்படிக் கொழுந்தை உலர்த்துகிறீர்கள்? அதுவும் பச்சை இலைதானே?" என்று மாமா மடக்கினார். சரியான கேள்வி. கொழுந்திலும் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். நூறு கிலோ கொழுந்து உலர்ந்து இருபத்திரண்டு கிலோ போலத் தூளாகிறது. ஆனால் அந்தத் தூள் கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஏலம் போகிறது. அதற்காக விறகை எரிக்கலாம். உலர்த்திக் கிடைப்பதும் விறகுதான் என்றால், விறகை எரித்து விறகு செய்த கதைதான். மாமா பதில் சொல்லாமல் கத்தரிக்காய் விலை கேட்கப் போய்விட்டார். கத்தரிக்காய் கிலோ 380 என்றான் வியாபாரி, மாமா 300க்கு முடித்தார்.

பிற்பகலில் முச்சக்கர வண்டி பிடித்துத் தனியாக மீதொட்டமுல்லவுக்குப் போனேன். ஓட்டுநர் அந்தப் பக்கத்து மனிதர். எதற்கு என்று கேட்டார். குப்பைமேட்டைப் பார்க்க என்றேன். மீட்டரைப் போட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள் பிற்பகலில் அந்த மேடு சரிந்து வீடுகளை மூடியது. 32 பேரின் உயிர் போனது. கொழும்பு நகரம் தின்று மிஞ்சியதை ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் கொட்டியதன் முடிவு. உணவுக் கழிவு அடியில் காற்றில்லாமல் அழுகி மீதேன் வாயு விடும், மேலே பெய்த மழை உள்ளே இறங்கி எடையைக் கூட்டும். இப்போது புல் முளைத்திருக்கிறது. தெரியாதவர்கள் பார்த்தால் ஏதோ சிறு குன்று என்பார்கள். ஓட்டுநர் வண்டியை நிறுத்தவில்லை, வேகத்தைக் குறைத்தார், அவ்வளவுதான். "அன்றைக்கு வீட்டில் கொக்கிஸ் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தோம்" என்றார். திரும்பும்போது மீட்டரில் 1,140 காட்டியது. ஆயிரம் போதும் என்றார்.

அதற்குப் பின் நகரத்துக் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் கெரவலப்பிட்டியவில் 2021இல் வந்தது. 10 மெகாவாட். நம் ஊர்க் குப்பையை வந்த உடனே எரிக்க முடியாது. இப்படிப்பட்ட நிலையங்களில் பெரிய தொட்டியில் நாட்கணக்கில் கிடத்தி, நீர் வடியவிட்ட பிறகுதான் உலைக்குள் தள்ளுவார்கள். அங்கேயும் சண்டை தண்ணீரோடுதான்.

மே 15, வியாழன். பியகம பக்கம்

மழை என்றால் அப்படியொரு மழை. களனிப் பாலத்தில் பஸ் ஒரு மணி நேரம் நகரவில்லை. ஜன்னல் ரப்பர் வழியாக என் வலது தோளில் மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர் தன் கைக்குட்டையை ஜன்னல் இடுக்கில் திணித்துவிட்டுத் தூங்கிப்போனார்.

பட்டறையை விலாசம் கேட்காமலே கண்டுபிடிக்கலாம். மூக்கு காட்டிவிடும். புளித்த மோரும் பழைய மீன்குழம்பும் கலந்த வாடை. உரிமையாளர் ஐம்பது வயதுச் சிங்கள மனிதர், முன்பு ஆடைத் தொழிற்சாலையில் மெக்கானிக். வவுனியாவைச் சேர்ந்த பட்டதாரித் தம்பி ஒருவர் அவருக்குத் துணை. தம்பிதான் எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார்.

முதலில் பிரிக்கும் மேசை. கையுறை போட்ட இரண்டு அக்காமார் லஞ்ச் ஷீட், றப்பர் வளையம், பல்குச்சி, எலும்பு, கரண்டி எல்லாவற்றையும் பொறுக்குகிறார்கள். ஒரு நாளில் ஐந்தாறு கரண்டியாவது வரும் என்று சிரித்தார் ஓர் அக்கா. நல்ல கரண்டிகள் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுமாம். அடுத்து திருகுப் பிழிப்பான். பிழிந்த தண்ணீர் குழிக்குப் போகிறது, வாடையின் ஊற்று அதுதான். பிறகு கண்ணாடித் தகடு வேய்ந்த வெயில் கூடாரம். அன்றைக்கு அதற்குள் வெயிலும் இல்லை, காற்றும் இல்லை, ஈ மட்டும் இருந்தது. ஆகவே சுழலும் உருளை டிரையரைப் போட்டார்கள். அதற்கு என்ன எரிக்கிறீர்கள் என்றேன். தம்பி கொஞ்சம் தயங்கி, "மரத்துண்டு" என்றார்.

காய்ந்ததை அரைத்து, மொறட்டுவைத் தச்சுப்பட்டறைகளிலிருந்து வரும் மரத்தூளோடு கலக்கிறார்கள். ஒரு பங்கு சோற்றுத் தூள், மூன்று பங்கு மரத்தூள். இந்த விகிதத்தைக் கேட்டதும் எனக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது. கலவையில் ஈரம் நூற்றுக்கு பத்து முதல் பதினைந்து வரை இருக்க வேண்டும். குறைந்தால் தூளாகக் கொட்டும், கூடினால் ஆவி வெடித்துக் குச்சி பிளக்கும். துளையிட்ட கனத்த இரும்புத் தட்டின் மேல் உருளைகள் ஓடி, கலவையைத் துளைகளுக்குள் அழுத்துகின்றன. உராய்வில் சூடேறி, மரத்திலுள்ள லிக்னின் என்ற ஒட்டும் பொருள் இளகுகிறது, சோற்று மாப்பொருள் பசையாகிறது. கீழே எட்டு மில்லிமீட்டர் கனத்தில் குச்சிகள் மழமழவென்று விழுகின்றன. சூடாக ஒன்றை எடுத்து உடைத்தேன். டக்கென்று முறிந்தது. நல்ல குச்சிதான்.

தேங்காய்ப்பூச் சக்கை போட்டால்? எண்ணெய் சறுக்கி, பிடிப்பு இல்லாமல் உதிர்ந்துவிடும் என்றார் தம்பி. உமி? உமியில் சிலிக்கா, அது தட்டின் துளையையே அரித்துத் தின்னும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். மாமியார் வீட்டு உறவுகளைப் போல எதை யாரோடு உட்காரவைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனது. "திரும்பவும் குரங்கு!" என்று ஓர் அக்கா கத்த, எல்லோரும் சிரித்தார்கள். பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்து நாடு முழுவதையும் இருட்டாக்கியதை யார் மறப்பார்கள்! ஆனால் உரிமையாளர் சிரிக்கவில்லை. இயந்திரத்தை நிறுத்தும்போது எண்ணெய் கலந்த தூளைக் கடைசியாகத் தள்ளித் துளைகளை நிரப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பது இறுகிக் கல்லாகிவிடும். திடீரென்று நின்றால் அதற்கு நேரம் ஏது? மின்சாரம் வந்தபோது தட்டு முழுக்க அடைத்துவிட்டது. ஒவ்வொரு துளையாகத் துளைபோட்டு எடுக்க உட்கார்ந்தார்கள். நானும் ஒரு துளைக்கருவியை எடுத்தேன். நெருப்பு வேலை செய்கிறவன் கை சும்மா இருக்காது.

மதியம் உரிமையாளரின் மனைவி வீட்டிலிருந்து சாப்பாடு அனுப்பியிருந்தார். எனக்கும் ஒரு பார்சல். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பொல் சம்பல், வல்லாரை, பொரித்த கருவாடு. அருமையான கை. லஞ்ச் ஷீட்டில் கட்டியிருந்தது. பிரிக்கும் மேசை அக்காமார் உட்பட எல்லோரும் அதே ஷீட்டில் சாப்பிட்டு, அதே மாதிரிச் சுருட்டினோம்.

பிறகு நான் கேட்டுக்கொண்டபடி ஒரு சிறிய அடுப்பில் குச்சிகளை எரித்தார்கள். தீ நன்றாகப் பிடித்தது. கருகிய ரொட்டி வாசம். அரை மணி கழித்துச் சாம்பலைக் கிளறினேன், கம்பியில் தட்டுப்பட்டது சாம்பலல்ல, இறுகிய கட்டி. காரணம் உப்பு. சம்பல், கருவாடு, ஊறுகாய், எல்லாம் உப்பு. அதிலுள்ள குளோரினும் மரக்கறிகளிலுள்ள பொட்டாசியமும் சேர்ந்து சாம்பலைக் குறைந்த சூட்டிலேயே உருகவைக்கும், உலைக் குழாய்களின் மேல் படிந்து இரும்பை அரிக்கும். சர்வதேசத் தரத்தில் முதல்தர மரக்குச்சிக்குக் குளோரின் அளவு நூற்றுக்கு 0.02ஐத் தாண்டக்கூடாது. சம்பல் சாப்பிடும் நாட்டின் எச்சிலில் அதைத் தேடுவது வீண்.

வவுனியாத் தம்பிக்கு இது எல்லாம் தெரிந்திருந்தது. உலர்த்தவே வேண்டாத ஒரு வழி இருக்கிறது என்றார். ஈரக் கழிவை அப்படியே மூடிய அழுத்தப் பாத்திரத்தில் 180 முதல் 250 பாகை வரை சூடாக்குவது. தண்ணீர் ஆவியாகாமலே உள்ளே இருக்கும், கழிவு கரியாக மாறும். 1913இலேயே ஜெர்மனிய இரசாயனவியலாளர் பெர்கியஸ் இதைச் செய்து பார்த்திருக்கிறார். அந்தக் கரி தண்ணீரை விரட்டும் குணமுள்ளது, பிழிந்தாலே பெரும்பகுதி நீர் போய்விடும், உப்பில் ஒரு பகுதியும் நீரோடு கழுவுப்படும். தம்பியின் முகம் பேசும்போது ஒளிர்ந்தது. உரிமையாளர் குறுக்கிட்டார்: "அழுத்தப் பாத்திரம் வாங்கக் காசு, வெடிக்காமல் பார்க்க ஆள், அந்தக் கறுப்புத் தண்ணீரைச் சுத்திகரிக்க இன்னொரு ஆலை." தம்பி தலையைக் குனிந்துகொண்டு துளைபோடத் தொடங்கினார். இருவரும் சொன்னது சரிதான். அதுதான் தொல்லை.

குச்சியின் விலை கேட்டேன். எங்கள் விறகு வியாபாரி கேட்கும் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஒரு பை மாதிரிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் என் இரு பக்கமும் இருக்கை காலியாகவே இருந்தது. நெரிசலான நேரத்தில்.

மே 16, வெள்ளி. நவம் மாவத்தை, மறுபடி வெள்ளவத்தை

கால்சட்டையை இரண்டு முறை துவைத்தும் வாடை போகவில்லை. மாமாவின் பழைய சாரத்தோடுதான் காலை முழுக்க இருந்தேன்.

பத்து மணிக்கு மேல் ஊர் நண்பன் ஒருவனைப் பார்க்க நவம் மாவத்தைக்குப் போனேன். தேயிலைத் தரகர் அலுவலகம் ஒன்றில் வேலை. கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. சுத்தியல் தட்டும் சத்தத்தைக் கேட்க எனக்கு நெடுநாள் ஆசை. 2020இல் இருந்து எல்லாம் கணினித் திரையில்தானாம், சுத்தியலும் இல்லை, சத்தமும் இல்லை. பெரிய ஏமாற்றம். நண்பன் மட்டும் அப்படியே இருந்தான். குச்சி ஒன்றைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். முகர்ந்து பார்த்துவிட்டு அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "உன் ஹீட்டர் குழாய் ஓட்டையானால்?"

அவன் கேட்டது வெளியில் உள்ளவர்களுக்கு விளங்காது. எங்கள் டிரையரில் புகை தேயிலையைத் தொடுவதில்லை. நெருப்பு குழாய்களைச் சூடாக்கும், குழாயைச் சுற்றி வரும் சுத்தமான காற்றுதான் உள்ளே போகும். உப்பு அரித்து ஒரு குழாயில் ஊசி அளவு ஓட்டை விழுந்தால் போதும், அன்றைய தூள் முழுக்கப் புகை வாடை. சுவைபார்ப்பவர் ஒரு மிடறில் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவார். விறகில் மிச்சம் பிடித்த காசு ஒரே ஏலத்தில் போய்விடும். டீமேக்கருக்கு என்ன சொல்வது என்று அங்கேயே முடிவானது.

மாமாவுக்குச் சொல்வதுதான் கடினம். இரவு கடை மூடிய பிறகு உட்கார்ந்தோம். முன்னால் ஆறிப்போன இரண்டு மசாலா வடை. அவர் கடை மிச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர் என்று வைத்தேன். 100 கிலோவில் 25 கிலோ காய்ந்த பொருள், அதில் 450 மெகாஜூல் போல வெப்பம். 75 கிலோ தண்ணீரை ஓட்ட, துளி வெப்பமும் வீணாகாத டிரையரிலேயே 195 போகும். சாதாரண டிரையரில் பாதி வீணாகும், 390 என்று வையுங்கள். பிரிக்க ஆள் சம்பளம், அரைக்க மின்சாரம், அழுத்த மின்சாரம் இன்னும் சேரவில்லை. மாமா விரலால் மேசையில் கணக்கை எழுதிப் பார்த்தார். எண்ணெய்க் கையால் எழுதியதால் நன்றாகவே தெரிந்தது.

"அப்படியானால் அந்த மனிதர் ஏன் செய்கிறார்?"

அவர் உண்மையில் விற்பது மரத்தூள் குச்சி. சோறு அதற்குப் பசை. பசையாக அது பிரமாதமான சரக்கு, அதை நான் மறுக்கவில்லை. மரக்குச்சித் தரத்திலேயே மாப்பொருள் போன்ற ஒட்டுப்பொருளை நூற்றுக்கு 2 பங்கு வரை சேர்க்க இடமிருக்கிறது. நகரத்தின் உணவுக் கழிவு மலையைக் கரைக்க அந்தப் பசை போதாது. மீதிக்கு, கழிவை மூடி அழுகவிட்டு எரியும் வாயு எடுக்கும் பயோகேஸ் தொட்டிதான் ஏற்றது. அதற்கு ஈரம் எதிரியில்லை, ஈரம்தான் வேண்டும். லஞ்ச் ஷீட் மட்டும் உள்ளே போகக் கூடாது. வாயு நேரே அடுப்புக்கு வரும், மிஞ்சிய கரைசல் செடிக்குப் போகும்.

"தொட்டியை எங்கே வைப்பது? என் தலையிலா?" என்றார் மாமா. வெள்ளவத்தையில் அந்தக் கடையின் பின்சந்து நான்கடி அகலம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் மூலையில் இருந்த தேங்காய்ச் சிரட்டைச் சாக்குகள் கண்ணில் பட்டன. கடையில் ஒரு நாளைக்கு உடைக்கும் தேங்காய்க்குக் கணக்கில்லை. காய்ந்த, உப்பில்லாத, பிரிக்க வேண்டாத எரிபொருள். இந்த நாடு சிரட்டைக் கரியை ஏற்றுமதியே செய்கிறது. இதை என்ன செய்கிறீர்கள் என்றேன். "அது சலவைக்கடை அண்ணனுக்கு. அவர் இஸ்திரிக்குக் கரி போடுவார். அப்பா காலத்திலிருந்து கொடுக்கிறோம், அதில் கை வைக்காதே" என்றார். கை வைக்கவில்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு மட்டும் வந்தோம். மேசை வாளியில் ஷீட் விழாதபடி, கை கழுவும் இடத்துக்கு முன்னால் ஒரு பையனை நிறுத்துவது. மஸ்கெலியாப் பையன் தான் நிற்பதாகச் சொன்னான். அடுப்பைவிட அது குளிர்ச்சியான இடமாம்.

மே 17, சனி. கோட்டையிலிருந்து ஹட்டன்

திரும்பும் ரயிலில் இருக்கை கிடைத்தது. மாமி கட்டித் தந்த இடியப்பம், சொதி. வாழையிலையில்தான் கட்டியிருந்தார், யார் சொல்லியோ தெரியவில்லை.

ரம்புக்கனையில் ஏறிய ஒரு பெரியவர், இருக்கைக்குக் கீழே இருந்த என் பையை நோக்கிக் கொண்டே வந்தார். மாதிரிக் குச்சிகள் இரண்டு நாள் கொழும்புக் காற்றைக் குடித்து ஊதிப்போயிருந்தன. பாதி தூளாகியிருந்தது. அதை டீமேக்கரிடம் காட்டினால் நான் விளக்கமே சொல்ல வேண்டாம்.

"தம்பி, இது மாட்டுத் தீவனமா?"

எரிபொருள் என்றேன். ஒன்றை எடுத்து முகர்ந்தார், நாக்கில்கூட வைத்துப் பார்த்தார். உப்பாக இருக்கிறது என்றார். கிலோ என்ன விலை என்று கேட்டார். சொன்னேன்.

"அந்த விலைக்குப் புண்ணாக்கு வாங்கலாமே. மாடு பாலாவது தரும்" என்றவர், இரண்டு கை அள்ளித் தன் பையில் போட்டுக்கொண்டு கடுகண்ணாவையில் இறங்கிவிட்டார்.